வேவு பார்த்தால் மட்டும் தெரியும் வகுப்பு

ஒன்றை நிரூபிக்கப் போய், அதற்கு நேர் எதிரானதை எல்லார் முன்னாலும் நிரூபித்துவிட்டு வந்த ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா அக்கா? பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வெனிஸ்டா. ஊர் தூத்துக்குடி. படிக்கிறது இங்கே, கம்ப்யூட்டர் சயின்ஸ், கடைசி வருடம். இல்லை, கூடை அங்கேயே இருக்கட்டும், எனக்கு இடிக்கவில்லை. கண்டக்டரிடம் நான் சண்டை போட்டதாக நினைக்காதீர்கள். அது சண்டை இல்லை. பஸ் எங்கள் காலேஜ் வாசலில் நிற்குமா என்று கேட்டேன், "பாப்போம்" என்றார். நிற்கும் என்று சொல்லலாம். நிற்காது என்று சொல்லலாம். பாப்போம் என்பது என்ன பதில்? அதைத்தான் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

நான் வீணாக வாதாடுகிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

விஷயம் கேட். பெண்கள் ஹாஸ்டல் கேட்டைச் சாயங்காலம் ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். பையன்களுக்கு ஒன்பதரை. ஏன் என்றால் பாதுகாப்பு. யாரிடமிருந்து பாதுகாப்பு? வெளியே திரிகிற பையன்களிடமிருந்து. அப்படியென்றால் அவர்களை ஆறரைக்குப் பூட்டுங்கள், நாங்கள் ஒன்பதரை வரை பத்திரமாக நடந்துவிட்டு வருகிறோம் என்று வார்டன் ரமணிபாய் மேடத்திடம் சொன்னேன். "நீ போய்ச் சாப்பிடு" என்றார். இது ஒரு பதிலா?

சரி, இது எங்கள் அக்காமார் காலத்திலிருந்து நடக்கிற கூத்து. இந்த வருடம் என்ன புதுசு என்றால், ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருகிறது. அதற்குப் பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து ஒருவர் வருகிறார். அவருக்கு நேரம் ஒழிகிறது சாயங்காலம்தான், அதனால் ஏழு மணிக்கு ஆடிட்டோரியத்தில் வகுப்பு. வகுப்பு ஏழு, பூட்டு ஆறரை. புரிகிறதா? அவர் நடுநடுவே கேள்வி கேட்பாராம். எழுந்து நின்று பதில் சொன்னவன் பேரைக் கேட்டு வைத்துக்கொள்வாராம். அவனுக்குத் தனியாக மாதிரி இண்டர்வியூ நடத்துவாராம். பையன்கள் அங்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், நாங்கள் இங்கே உப்புமாவில் கடுகு பொறுக்கிக்கொண்டிருப்போம்.

கிளம்பினோம். ஹாஸ்டல் மொத்தமும் பிரின்ஸ்பால் அறை வாசலில். பேசியது நான்தான், வேறு யார் பேசுவார்கள்? பிரின்ஸ்பால் மோசமான மனுஷர் இல்லை. எந்தப் பக்கமும் சாயாமல் நடுவிலேயே நின்று பழகினவர், அவ்வளவுதான். கேட்டுவிட்டு, "வகுப்பை ஹாஸ்டல் டிவியிலேயே காட்டிருவோம்மா. கேபிள் ஏற்கெனவே போயிருக்கு. அதுல சரியா தெரியலைன்னா சொல்லுங்க, நீங்க ஹாலுக்கே வரலாம். வகுப்பு அன்னைக்கு கேட் ஒன்பதரை" என்றார். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. வார்டன் மேடம் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சொருகிக்கொண்டார்.

போனில் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஹாஸ்டலில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மொட்டை மாடி. மொட்டை மாடிக்கும் பூட்டு.

அதுவும் இல்லாமல், டிவியிடம் கேள்வி கேட்க முடியுமா? அவர் ஒன்று சொல்வார், தப்பாகக்கூட இருக்கும். டிவியைப் பார்த்து "அது எப்படி சார்?" என்று கேட்டால் பைத்தியம் என்பார்கள். எனக்கு அந்த ஹாலில் உட்கார வேண்டும். முன் வரிசையில். அவ்வளவுதான் என் ஆசை.

டிவிக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்தார்கள். லேபில் கழித்துப் போட்டது. கொண்டுவந்து வைத்தவர் காலேஜ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற ஆறுமுகநயினார் சார். முதல் நாளே, "இதுல இருக்கிற நெட்வொர்க் கார்டு பழசும்மா. எதுக்கும் மாத்திட்டே வச்சிருவோம்" என்றார். கம்பியில் வருகிறதை மெஷினுக்குள் வாங்குகிற அட்டை அது. நான் விடவில்லை. பழசு என்பது ஒரு குறையா? லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டால் எவ்வளவு பழைய கார்டும் ஓடும், மனிதர்கள்தான் பழசு என்றதும் தூக்கிப் போடுவார்கள் என்று அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். "சரிம்மா" என்று போய்விட்டார். அந்த வாதத்தில் ஜெயித்தது நான். அந்த மெஷினில் லினக்ஸ் போட்டதும் நான்தான்.

முதல் வகுப்பு. ஏழு மணி. டிவி கறுப்பு.

ஒரு கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று கைதட்டிய கூட்டத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். இசக்கிப்பிரியா ஓடி வந்தாள். என் ரூம்மேட், ஆலங்குளத்துக்காரி, சிவில் படிக்கிறாள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் காய்ச்சல் வந்துவிடும் அவளுக்கு. "ஏட்டி, மேடத்தைக் கூப்பிடு. இப்பவே காட்டிருவோம்" என்றாள்.

அங்கேதான் நான் யோசித்தேன். வெறும் கறுப்பு டிவியைக் காட்டினால், 'நீங்களே எதையோ பிடுங்கி விட்டுட்டு நடிக்கீங்க' என்பார்கள். ஆதாரம் வேண்டும். கம்பியில் படம் முழுசாக வராது அக்கா, பொட்டலம் பொட்டலமாகத்தான் வரும். வாசலில் நின்று அந்தப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, யாரிடமிருந்து யாருக்கு என்று திரையில் எழுதிக் காட்டுகிற கருவி ஒன்று லினக்ஸில் உண்டு. வேவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை ஓடவிட்டால், வகுப்பின் பொட்டலம் ஒன்றுகூட வந்து சேரவில்லை என்பது வரிவரியாகத் தெரிந்துவிடும். யாரும் மறுக்க முடியாது.

வார்டன் மேடம் வந்தார். "பாருங்க மேடம்" என்று வேவுக்காரனை ஓடவிட்டேன்.

டிவியில் வகுப்பு வந்துவிட்டது. வந்ததும் எப்படி, அந்த மதுரைக்காரர் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவின் கிளிப்கூட மின்னியது.

"நல்லாத்தானே தெரியுது?" என்றார் மேடம். நின்று கொஞ்ச நேரம் வகுப்பு வேறு கேட்டார். அவர் போனதும் வேவுக்காரனை நிறுத்தினேன். டிவி கறுப்பு.

அடுத்த வகுப்புக்கு ஆறுமுகநயினார் சாரையே கூப்பிட்டேன். கறுப்பு டிவியை அவர் பார்க்கும் முன்னாலேயே வேவுக்காரனைத் தயாராக ஓட வைத்துவிட்டேன், அப்போதுதானே முதலிலிருந்து ஆதாரம் கிடைக்கும்? "சார், ஒரு பொட்டலம்கூட வரலை, பாருங்க."

"வருதேம்மா."

வந்துகொண்டிருந்தது. திரையில் சடசடவென்று ஓடுகிறது, டிவியில் மதுரைக்காரர் கையை ஆட்டுகிறார், பின்னால் பிள்ளைகள் எல்லாம் என் முதுகைப் பார்க்கிறார்கள். முதுகில் பார்வை படுவது தெரியும் என்பார்களே, உண்மைதான். சுட்டது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம்தான், கேளுங்கள். நாங்கள் சும்மா இருந்தால் வரவில்லை. நான் வேவு பார்த்தால் வருகிறது. அப்படியென்றால் நான் பார்ப்பது யாருக்கோ தெரிகிறது, தெரிந்ததும் கம்பியில் வகுப்பைத் திறந்துவிடுகிறார்கள். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, குழம்பிப் போனார். "நான் இங்கன உன் பக்கத்துல நிக்கேன். அங்க யாரும்மா திறப்பா?"

"வேற ஆள் வச்சிருக்கலாம் சார்."

"என் டிபார்ட்மெண்டுக்கே நான் ஒருத்தன்தாம்மா. லீவு போட்டா எனக்கு நானே போன் பண்ணிக்கணும்."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் இசக்கி சொன்னாள், "ஏட்டி, நீ அந்தக் கருமத்த ஓட்டாம காட்டேன்."

"ஆதாரம் இல்லாம எப்படிட்டி காட்ட?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஓட்டாமல் காட்டு. அடுத்த வகுப்பு அன்று தனியாக உட்கார்ந்தேன். ஓட்டினேன், படம். நிறுத்தினேன், கறுப்பு. ஓட்டினேன், படம். நிறுத்தினேன், கறுப்பு. வேவுக்காரன்தான் படத்தைக் கொண்டுவருகிறான்.

எப்படி என்று சொல்கிறேன், சுலபம். இப்போது கண்டக்டர் கத்துகிறார் பாருங்கள், 'ஆஸ்பத்திரி ஸ்டாப் எல்லாம் வாங்க' என்று. யார் பேரையும் சொல்லவில்லை. பஸ்ஸில் இருக்கிற எல்லாரையும் எழுப்பவும் இல்லை. அங்கே இறங்குகிறவர்கள் மட்டும் காதில் வாங்கிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பும் கம்பியில் அப்படித்தான் வருகிறது, ஒரு ஆளுக்கு இல்லை, ஒரு கூட்டத்துக்கு. அந்தப் பழைய கார்டு இருக்கிறதே, பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒழுங்காகத் திரும்பிப் பார்க்கும். இந்த மாதிரிக் கூட்டத்துக்கான கூப்பாடு மட்டும் அதன் காதில் விழாது. ஆனால் வேவுக்காரன் ஓட ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் கார்டுக்கு ஒரு உத்தரவு போடுகிறான்: 'உனக்கா, ஊருக்கா என்று பார்க்காதே, கம்பியில் போகிறதை எல்லாம் உள்ளே விடு.' எல்லாம் உள்ளே வரும்போது வகுப்பும் கூட வந்துவிடுகிறது. எவ்வளவு அழகு பாருங்கள். எது நடக்கவில்லை என்று பார்க்கப் போனேனோ, அது நான் பார்ப்பதாலேயே நடந்திருக்கிறது.

கார்டை மாற்றலாம் என்று ஆறுமுகநயினார் சார் முதல் நாளே சொன்னாரே என்கிறீர்களா? அவர் பழசு என்பதால் சொன்னார். காது கேட்காது என்பதால் சொல்லவில்லை. காரணம் தப்பாக இருந்தால் முடிவு சரியாக இருந்தும் என்ன பிரயோசனம்?

இசக்கியிடம் சொன்னதும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நம்ம புகாரைப் பாக்க நாளைக்கு பிரின்ஸ்பாலே வாராரு. நீ அதைத் தொடாத. டிவி கறுப்பா இருக்கும். கேட் திறக்கும். சோலி முடிஞ்சுது." சரி என்றேன். நிஜமாகவே சரி என்றுதான் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது என்று முடிவு.

பிரின்ஸ்பால் வந்தார். மேடம் வந்தார். சார் வந்தார். ஏழு மணி. டிவி கறுப்பு. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பிரின்ஸ்பால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஆமா, தெரியலைதான்" என்றார். மேடத்தைப் பார்த்துத் திரும்பினார். அக்கா, இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி.

அப்போது ஆறுமுகநயினார் சார், அதுவும் என்னைப் பார்த்துக்கூட இல்லை, பொதுவாகச் சொன்னார்: "பிள்ளைகளுக்கு ஓட்டத் தெரியலை சார். நான் வந்தப்ப ஓடிச்சு."

ஓட்டத் தெரியலை.

நீங்களே சொல்லுங்கள். அந்த மெஷினில் லினக்ஸ் போட்டவள் நான். வேவு பார்த்தவள் நான். கார்டுக்கு எந்தக் காது கேட்காது என்று கண்டுபிடித்தவள் நான். ஓட்டத் தெரியலையாம். சும்மா நிற்க முடியுமா? நீங்கள் நிற்பீர்களா?

காட்டினேன். ஓட்டினேன், படம். நிறுத்தினேன், கறுப்பு. மறுபடியும். கண்டக்டர் கதையைச் சொன்னேன், கார்டின் காதைச் சொன்னேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஆறுமுகநயினார் சார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பிரின்ஸ்பால் "பிரமாதம்மா" என்றார். பிறகு கேட்டார், "அப்ப அது ஓடிக்கிட்டே இருந்தா வகுப்பு தெரியும்?"

"கண்டிப்பா தெரியும் சார்."

"அப்ப ஓட விட்டுருங்க."

போய்விட்டார். கேட் ஆறரை.

டிவியில் மதுரைக்காரர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். இசக்கிதான் கடைசியில், "ஏட்டி, நீ ஜெயிச்சுட்ட. நாங்க தோத்துட்டோம்" என்றாள். அவள் கணக்கில் அது அரை நாள் பேச்சு.

அதற்குப் பிறகு மெஸ்ஸில் என் பக்கத்தில் ஆள் கிடையாது. நான் போய் உட்கார்ந்தால் எழுந்து போவார்கள். நானும் விடவில்லை, போய்க் கேட்டேன்: "நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பா?" இல்லை என்றார்கள். "அப்புறம் என்ன கோபம்?" கை கழுவப் போய்விட்டார்கள். கோபத்துக்குக் காரணம் சொல்லத் தெரியாதவர்களோடு எப்படி வாழ்வது அக்கா?

ஆனால் அந்தப் பழைய மெஷினுக்கு என்மேல் இரக்கம் இருந்தது. என்ன நடந்தது என்றால், வேவுக்காரனை நிரந்தரமாக ஓடவைக்கிற பொறுப்பைச் சாரிடம் கொடுத்திருந்தார்கள். அவர், வருகிற பொட்டலங்களை எல்லாம் மெஷினுக்குள்ளேயே சேமிக்கிற மாதிரி ஓடவிட்டார். சேமிக்க வேண்டாம் சார், சும்மா ஓடினாலே போதும் என்றேன். "இருக்கட்டும்மா. ஆதாரம் வேணும்னு நீதானே சொன்ன?" என்றார். குத்தல்தான், வேறென்ன. சின்ன மெஷின், எவ்வளவு தாங்கும்? இடம் நிறைந்து, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அப்படியே உறைந்துவிட்டது. மதுரைக்காரர் டிவியில் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். பிள்ளைகள் என் தட்டில் அப்பளம் கொண்டுவந்து வைத்தார்கள், ஏதோ நான்தான் செய்தேன் என்கிற மாதிரி. நான் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். "சரி சரி, தின்னு" என்றார்கள்.

பிரின்ஸ்பால் மறுபடியும் கூப்பிட்டார். சாரையும் என்னையும், எனக்குக் காவலாக இசக்கியும் வந்தாள். "அந்த முறை இனி சரிப்படாது சார், மெஷின் போயிரும். கார்டைத்தான் மாத்தணும்" என்றார் ஆறுமுகநயினார் சார். பிரின்ஸ்பால் என்னைப் பார்த்தார். "வேற வழியே இல்லையாம்மா?"

இருக்கிறது அக்கா. ஒரே ஒரு வரி. வேவுக்காரனே தேவையில்லை. 'எல்லாத்தையும் உள்ளே விடு' என்று அவன் கார்டுக்குப் போடுகிற உத்தரவை நாமே நேரடியாகப் போட்டுவிடலாம். எழுதி என்டரைத் தட்டினால் முடிந்தது. இடமும் நிறையாது, மெஷினும் உறையாது. வாயைத் திறந்தேன். இசக்கி என் கால்மேல் ஏறி நின்றாள். மிதிக்கவில்லை, ஏறி நின்றாள், முழு ஆளும். நின்றுகொண்டே, "இல்லை சார், வேற வழியே இல்லை" என்றாள். சிவில் படிக்கிறவள். ஆறுமுகநயினார் சார் அவள் சொன்னதை ஆமோதித்துத் தலையாட்டினார். அந்த வரியை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். நீங்கள் வள்ளியூரில்தானே இறங்குகிறீர்கள்? நல்லது.

பிரின்ஸ்பாலுக்கும் அலுத்துவிட்டது. "புதுக் கார்டு போடுங்க. திங்கட்கிழமை வகுப்பு தெரியலைன்னா டிவி பேச்சே இனி வேண்டாம். எல்லாரும் ஹாலுக்கு வந்துருங்க, கேட் ஒன்பதரை. இதுக்குமேல என்கிட்ட வராதீங்க." சரி, கார்டை வாங்கிவர டவுனுக்கு யார் போவது? ஆறுமுகநயினார் சார்தான் சொன்னார், "வெனிஸ்டாவே போகட்டும் சார். அவளுக்குத்தான் தெரியும்."

எப்போது சொல்கிறார் பாருங்கள். இத்தனை நாள் கழித்து, இப்போது.

இன்றைக்குப் போனேன். ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. கார்டில் இரண்டு வகை உண்டு, பழைய மெஷினில் சொருகுகிறது, புது மெஷினில் சொருகுகிறது. எங்கள் மெஷினில் புது வகை ஏறவே ஏறாது, அதற்கான பொந்தே கிடையாது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும். கடைக்கார அண்ணாச்சி இரண்டையும் மேசைமேல் வைத்தார். புதுசைக் காட்டி இதைக் கொடுங்கள் என்றேன்.

"பழைய மெஷின்னு சொன்னியே பாப்பா. அதுல இது ஏறாதே."

"ஏறும் அண்ணாச்சி."

அக்கா, தப்பு என்று தெரிந்தே ஒரு விஷயத்தை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கு கூசியது. அவர் என்னையும் என் காலேஜ் ஐடி கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ஜினியரிங்கா படிக்க?" என்றார். அந்த 'ஆ' இருக்கிறதே, அதை மட்டும் தனியாக இழுத்தார். அவருக்குப் பத்து நிமிஷம் வகுப்பு எடுத்திருக்க முடியும் என்னால். எடுக்கவில்லை. கார்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

இது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. பெரிய காரியம் திங்கட்கிழமை. அதுவரை கார்டு என் பையிலேயே இருக்கும். வகுப்புக்குச் சற்று முன்னால் பிரின்ஸ்பால், மேடம், பிள்ளைகள் எல்லாரும் நிற்க, ஆறுமுகநயினார் சார் மெஷினைத் திறப்பார். கார்டை வைத்துப் பார்ப்பார். ஏறாது. டவுனுக்குப் போய் மாற்றிவர நேரம் இருக்காது. திரும்பி என்னைப் பார்ப்பார். "ஏம்மா, எது எதுல போடுறதுன்னுகூட உனக்குத் தெரியாதா?" என்று கேட்பார். கேட்காமல் விடுவாரா? நானாக இருந்தால் விட மாட்டேன்.

நான் "தெரியலை சார்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அவ்வளவுதான், கேட் திறந்துவிடும். ஹால், முன் வரிசை, எல்லாம். இசக்கி என் பக்கத்தில்தான் நிற்பாள், ஆனால் எத்தனை தடவை காலில் ஏறுவாள்?

எங்கள் ஸ்டாப் வர இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள்தான் ஆறுமுகநயினார் சார். கேளுங்கள்.

தெரியலை சார். ஏன்னா, அந்த மெஷின்ல இருக்கிறது பழைய வகை பொந்து, இது வந்து—

சிரிக்காதீர்கள். இன்னொரு தடவை.

தெரியலை சார். ஆனா முதல் நாளே பழசு பழசுன்னு நீங்க சொன்னதும் சரியான காரணம் இல்லை—

இல்லை, இல்லை. அது இப்போது வேண்டாம், எனக்கே தெரிகிறது. கடைசியாக ஒரு தடவை. கொஞ்சம் இளக்காரமாகக் கேளுங்கள், அவர் கேட்கிற மாதிரி.

தெரியலை சார்.

பார்த்தீர்களா? நிறுத்திவிட்டேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை, நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நிறுத்தினேனா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.